கலைமான் வினாதல் முதல் குழல்விட்டம் வரை: திருவிதாங்கூர் மான்வேட்டையில் துப்பாக்கித் தேர்வு

முன்னுரை

வேட்டை குறிஞ்சி நிலத்து மக்களின் தொழிலாகவும் மன்னரின் பொழுதுபோக்காகவும் பழந்தமிழ் இலக்கியங்களில் பேசப்படுகிறது. வில், அம்பு, வேல், வலை, நாய் ஆகியன அவ்வேட்டையின் கருவிகள். துப்பாக்கி வந்த பின்னர் வேட்டைக்கருவி பற்றிய சிந்தனை புதிய வடிவம் பெற்றது. எவ்விலங்குக்கு எத்துணை அகலமுள்ள குழல், எத்துணை எடையுள்ள குண்டு, எத்துணை விசை என்னும் கேள்விகள் எழுந்தன. துப்பாக்கிக் குழலின் உட்புற அகலமே குழல்விட்டம் எனப்படுகிறது. ஆங்கில வழக்கைப் பின்பற்றிக் ‘காலிபர்’ என்றும் ‘போர்’ என்றும் இதனை வழங்குவர்.

திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தன்னகத்தே கொண்டிருந்த அரசு. அதன் காடுகளிலும் அவற்றை அடுத்த தமிழகக் காடுகளிலும் மான்வேட்டைக்கு ஏற்ற துப்பாக்கி எது என்னும் வினா, 19ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உயிர்ப்புடன் இருந்தது. இவ்வினாவின் மையத்தில் நின்றது அடிபட்டும் வீழாது ஓடி மறையும் மான் என்பதையும், விடையைத் தீர்மானித்ததில் விலங்கின் உடலமைப்பைவிட ஆயுதச் சட்டங்களுக்கே பெரும்பங்கு இருந்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

மான் என்னும் பொதுப்பெயர்

‘மான்’ என்பது பல விலங்குகளைக் குறிக்கும் பொதுப்பெயர். தொல்காப்பிய மரபியல் இரலை, கலை என்பவற்றைப் புல்வாயின் ஆண்பாற் பெயர்களாகக் கூறி, கலை என்பதனை உழைக்கும் உரியதாக்குகிறது. நவ்வி, பிணை, மறி முதலிய சொற்களும் பழைய நூல்களில் பயில்கின்றன. இன, பால், பருவ வேறுபாடுகளைப் பழந்தமிழர் நுணுகி நோக்கினர் என்பதற்கு இச்சொற்கள் சான்றாகின்றன.

திருவிதாங்கூர்க் காடுகளில் வேட்டைக்கு உள்ளானவை முதன்மையாக நான்கு. முதலாவது கடமான். தமிழகத்தின் பிற பகுதிகளில் கடமான், கடம்பை எனப்படும் இவ்விலங்கு நாஞ்சில் நாட்டிலும் தென்திருவிதாங்கூரிலும் ‘மிளா’ என வழங்கப்படுகிறது. மலையாளத்திலும் இச்சொல்லே ‘மிலாவு’ எனச் சிறிது திரிந்து வழங்குகிறது. இரண்டாவது புள்ளிமான், மூன்றாவது கேளையாடு, நான்காவது சருகுமான். சருகுமானை விலங்கியலார் மான் குடும்பத்தில் சேர்க்காது தனிக்குடும்பமாகக் கொள்வர். எனினும் மக்கள் வழக்கு அதனையும் மான் என்றே கொள்கிறது.

இவற்றின் உடல் எடையில் உள்ள வேறுபாடு பெரிது. வளர்ந்த ஆண் மிளா 200 கிலோவுக்கு மேலும் சில வேளைகளில் 300 கிலோ அளவிலும் இருக்கும். ஆண் புள்ளிமான் 70 முதல் 90 கிலோ வரை இருக்கும். கேளையாடு 20 கிலோவை ஒட்டியது. சருகுமான் சுமார் 3 கிலோ மட்டுமே. மிளாவை வீழ்த்தத் தக்க குண்டு சருகுமானைச் சிதைத்துவிடும். சருகுமானுக்குப் போதிய ரவை மிளாவின் தோளெலும்பைத் தாண்டாது. ஆகவே ‘மானுக்கு ஏற்ற துப்பாக்கி’ என ஒன்றைச் சுட்டுதல் தொடக்கத்திலேயே இடர்ப்பாடு உடையதாயிற்று.

அம்பின் ஆற்றலும் அடிபட்ட மானும்

விலங்குக்கும் படைக்கலத்துக்கும் உள்ள பொருத்தம் தமிழ் மரபுக்குப் புதிய பொருளன்று. காட்டு முயலின்மேல் தவறாது தைத்த அம்பைவிட யானைமேல் எறிந்து தவறிய வேலே சிறந்தது என்னும் கருத்தைப் படைச்செருக்கு அதிகாரத்தில் திருவள்ளுவர் முன்வைக்கிறார். வீரத்தை உணர்த்த வந்த குறளாயினும், இன்ன விலங்குக்கு இன்ன கருவி என்னும் வேட்டுவ அறிவு அதன் அடித்தளமாக உள்ளது.

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் பாடுகிறார். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாய்வழிச் சென்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தங்கியது என்பது அப்பாடற் செய்தி. இங்குப் போற்றப்படுவது துளைத்து அப்பாற் செல்லும் திறன். பிற்காலத் துப்பாக்கி வேட்டையில் இதே திறன் மானைப் பொறுத்தவரை குறையாகக் கருதப்பட்டது என்பது பின்னர் விளக்கப்படும்.

அகப்பொருள் மரபு வேட்டையின் மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. தன் அம்பு தைத்த விலங்கு இப்பக்கம் வந்ததுண்டோ எனத் தலைவன் தலைவியரை வினவுவது அம்மரபில் ஒரு துறை. இதனைக் கெடுதி வினாதல் என்பர். திருக்கோவையாரில் மதியுடம்படுத்தற் பகுதியில் ‘வேழம் வினாதல்’, ‘கலைமான் வினாதல்’ என இவை தனித்தனித் துறைகளாக அமைந்துள்ளன. தலைவனின் உண்மை நோக்கம் வேறு என்பது படிப்போர் அறிந்ததே. ஆயினும் அவ்வினா கேட்போரிடம் செல்லுபடியாக வேண்டுமெனில், அம்பு தைத்த மான் ஓடி மறைவது அன்றாட நிகழ்வாக இருந்திருக்க வேண்டும். இலக்கிய உத்தியாக நின்ற இவ்வினாவே துப்பாக்கிக் காலத்தில் வேட்டையின் முதன்மைச் சிக்கலாக மாறியது.

துப்பாக்கியின் வருகை

‘துப்பாக்கி’ என்னும் சொல் துருக்கிய மூலமுடையது. பாரசீக, உருது மொழிகளின் வழியே தமிழுக்கு வந்தது. ‘தோட்டா’ இந்துஸ்தானி வழி வந்தது. ‘குழல்’, ‘குண்டு’, ‘கருமருந்து’, ‘கெட்டித்தல்’ ஆகியன தமிழ்ச் சொற்கள் புதுப்பொருள் ஏற்றவை. சிறு ஈய உருண்டைகளை ‘ரவை’ என வழங்கினர்.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரின் வருகையை ஒட்டி மலபார்க் கரையில் கைத்துப்பாக்கிப் பயன்பாடு பரவியது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மர் டச்சுப் படையை வென்றார். அப்போரில் சிறைப்பட்ட தெலனாய் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படையில் சேர்ந்து ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்ப்பும் நடைபெற்றது. தென்திருவிதாங்கூரில் துப்பாக்கித் தொழிலறிவு ஊன்றியதில் இக்காலக்கூறு முக்கியமானது.

அக்காலத் துப்பாக்கிகள் வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கப்பட்டவை. குழல்விட்டம் அங்குலத்தால் அளக்கப்படவில்லை. குழலுக்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை என்பதே கணக்கு. பன்னிரண்டு உருண்டைகள் ஒரு பவுண்டு நிறை எனில் அது ‘பன்னிரண்டு போர்’. அதன் விட்டம் 0.729 அங்குலம். இக்கணக்கில் எண் குறையக் குழல் அகலும். எட்டு போர் 0.835 அங்குலம். வேகத்தைக் கூட்ட வழி குறைவாக இருந்தமையால் ஆற்றலை வேண்டியோர் குண்டின் பருமனையே கூட்டினர்.

அடர்காட்டில் துப்பாக்கியே பயன்படாத இடமும் இருந்தது. 1848 முதல் இலங்கை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், அங்குள்ள மலைக்காடுகளில் மிளாவை நாய்களால் துரத்திக் கத்தியால் வீழ்த்தியதை எழுதியுள்ளார். யானைக்கு அகன்ற குழலை வற்புறுத்தியவரே மிளாவுக்குக் கத்தியை எடுத்தார் என்பது நிலமும் கருவித்தேர்வை முடிவு செய்தது என்பதைக் காட்டுகிறது.

எக்ஸ்பிரஸ் துப்பாக்கிகள்

1856இல் இலண்டன் துப்பாக்கித் தொழிலர் ஜேம்ஸ் பர்டி தாம் செய்த புதுவகைத் துப்பாக்கிக்கு விரைவுத் தொடர்வண்டியின் பெயரைச் சூட்டினார். ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் பெயர் அவ்வாறு நிலைபெற்றது. குறைந்த எடையுள்ள குண்டு, மிகுந்த கருமருந்து, அதனால் உயர்ந்த வேகம் என்பதே இதன் அடிப்படை. வேகம் கூடியமையால் குண்டின் பாதை தட்டையாயிற்று. தூரத்தைக் கணிப்பதில் நேரும் பிழையின் விளைவு குறைந்தது. எதிர்மலைச் சரிவில் நிற்கும் மிளாவைச் சுட வேண்டிய ஆனைமலை, நீலகிரி, உயர்மலைத் தொடர்ப் பகுதிகளுக்கு இது பெரிதும் பொருந்தியது.

0.450, 0.500, 0.577 அங்குல விட்டங்களில் இவை பரவின. 0.500 அங்குல எக்ஸ்பிரஸ் துப்பாக்கி சுமார் 22 கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 1900 அடி வேகத்தில் செலுத்தியது. குண்டின் முனை உட்குழிவாக இருந்தமையால் உடலில் பட்டதும் அது விரிந்தது. தென்னிந்திய வேட்டையைப் பற்றி டக்ளஸ் ஹாமில்டன் எழுதிய நூல் 1892இல் வெளிவந்தது. கருமருந்துக் காலத்து வேட்டை முறைகளை அறிய அது துணைபுரிகிறது.

விரியும் குண்டும் துளைக்கும் குண்டும்

1888இல் பிரித்தானியப் படை 0.303 அங்குலத் துப்பாக்கியை ஏற்றது. புகையற்ற வெடிமருந்தான கார்டைட் அடுத்த சில ஆண்டுகளில் அதற்குரியதாயிற்று. சுமார் 14 கிராம் எடையுள்ள சிறு குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2000 அடி வேகத்தில் சென்றது. ஈயம் மட்டுமே கொண்ட குண்டு இவ்வேகத்தைத் தாங்காமையால் அதற்கு உலோக உறை இடப்பட்டது.

உறையிட்ட குண்டு வடிவம் மாறாமல் உடலைத் துளைத்து மறுபுறம் சென்றது. ஓரியின் அம்புக்குப் புகழ் சேர்த்த அதே பண்பு இங்கு வேட்டைக்காரரின் குறையீடாயிற்று. நுரையீரலில் சிறு துளையுடன் மிளா நெடுந்தூரம் ஓடிப் புதரில் மறைந்து, காணப்படாமலே மடிந்தது. முனையில் உறையின்றி ஈயம் வெளித்தெரியும் குண்டுகள் இதற்குத் தீர்வாயின. அவை உடலினுள் விரிந்து தம் விசையை அங்கேயே செலவிட்டன.

இதே நுட்பம் போர்க்களத்தில் வேறு தீர்ப்புப் பெற்றது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890களின் இறுதியில் உருவான விரியும் குண்டு அவ்வூரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது. 1899இல் ஹேக் நகர மாநாட்டின் அறிவிப்பு அத்தகைய குண்டுகளைப் போரில் தடை செய்தது. மனிதன்மேல் கொடுமை எனத் தடுக்கப்பட்ட குண்டே மான்மேல் இரக்கம் எனப் பரிந்துரைக்கப்பட்டது. போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும். வேட்டையில் விலங்கு உடனே இறக்க வேண்டும். இவ்விரு நோக்கங்களின் வேறுபாடே இம்முரண்பாட்டுக்குக் காரணம்.

இதன் பின்னர்க் குழல்விட்டம் பற்றிய வாதம் அகலம் ஒன்றை மட்டும் பற்றியதாக இருக்கவில்லை. குண்டின் எடை, வேகம், அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே கணிக்கப்பட்டன. 1912இல் வெளிவந்த 0.375 அங்குல ஹாலந்து தோட்டா மிளா முதல் காட்டெருமை வரை ஒரே துப்பாக்கியால் வேட்டையாட விரும்பியோர்க்கு உகந்ததாயிற்று. பெங்களூரில் வாழ்ந்து தமிழகக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் 0.405 அங்குல வின்செஸ்டரைக் கையாண்டார்.

சட்டம் வகுத்த அளவு

மேற்கண்ட தேர்வுகள் அனைத்தும் வேட்டைக்காரரின் விருப்பத்தால் மட்டும் அமையவில்லை. பாளையக்காரர் போருக்குப் பின் 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, திருநெல்வேலி முதலிய தென்பகுதிகளில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. திருவிதாங்கூரில் 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின் நாயர் படை கலைக்கப்பட்டு, சிறு பிரிவே எஞ்சியது. மலையின் இருபுறத்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஆயுதம் மக்களிடமிருந்து விலக்கப்பட்டமை நோக்கத்தக்கது.

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிம முறையைப் பிரித்தானிய இந்தியா முழுமைக்கும் விரித்தது. ஐரோப்பியர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. காங்கிரசு தன் தொடக்க ஆண்டுகளிலேயே இச்சட்டத்தைக் குறைகூறியது. குடகர்க்கு மட்டும் தனிவிலக்கு வழங்கப்பட்டிருந்தது. திருவிதாங்கூர் தனியரசு ஆயினும் துப்பாக்கியும் தோட்டாவும் பிரித்தானியாவில் செய்யப்பட்டுப் பெரும்பாலும் பிரித்தானியர் கட்டுப்பாட்டில் இருந்த வணிகவழியே வரவேண்டியிருந்தமையால், பிரித்தானிய இந்தியாவின் கொள்கை அதன் காடுகளையும் தொட்டது.

குழல்விட்டத்தைச் சட்டம் நேரடியாகத் தீண்டியது 1907இல். 0.450 அங்குலக் குண்டு, பழைய மார்ட்டினி-ஹென்றிப் படைத்துப்பாக்கிக்கும் உதவக்கூடும் என அஞ்சி, அவ்விட்டமுடைய துப்பாக்கிகள் இந்தியாவிலும் சூடானிலும் தடுக்கப்பட்டன. இலண்டன், பர்மிங்காம் தொழிலர் அவ்விட்டத்தைச் சற்றே மாற்றி 0.465, 0.470, 0.475, 0.476 எனப் புதிய அளவுகளைப் படைத்தனர். யானையின் உடலோ காட்டெருமையின் தோலோ இம்மாற்றத்தைக் கோரவில்லை.

மான்வேட்டைக்கு இதனினும் முதன்மையானது 0.303 மீதான தடை. மக்கள் வழக்கில் ‘த்ரீ நாட் த்ரீ’ எனப்படும் இத்தோட்டா, விரியும் குண்டுடன் புள்ளிமானுக்கும் மிளாவுக்கும் போதியது, எங்கும் கிடைக்கத்தக்கது. படைத்துறைக்கு உரியது என்பதனால் குடிமக்களுக்கு அது மறுக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் படைத்துறை விட்டங்களைத் தனியே பிரித்து வைக்கும் கொள்கையைத் தொடர்ந்தது. அதன் விளைவாகவே வங்காளத்து ஈசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் 0.315 அங்குலத் துப்பாக்கி இந்தியக் குடிமகனின் துப்பாக்கியாயிற்று. அதன் தோட்டா ஆஸ்திரிய மான்லிச்சர் படைத்துப்பாக்கிக்கென 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது; குண்டின் எடை சுமார் 16 கிராம். இந்தியப் படையில் இல்லாத தோட்டா என்பதே அது தெரிவு செய்யப்பட்டதன் காரணம். மிளாவுக்கு அது பொருந்தியமை தற்செயலே.

யாருக்கு எக்கருவி

உள்வரி வெட்டிய குழலுடைய துப்பாக்கி விலையாலும் உரிமத்தாலும் தோட்டமுதலாளி, அரசு அலுவலர், அரசகுடும்பத்தார் ஆகியோர் எல்லையிலேயே நின்றது. மலையடிவார உழவர்க்குக் கிடைத்தது ஒற்றைக்குழல் கெட்டிப்புத் துப்பாக்கி. பின்னர்ப் பன்னிரண்டு போர்த் துப்பாக்கி. பன்னிரண்டு போரில் மானுக்கென எல்.ஜி., எஸ்.ஜி. எனப்படும் பெரிய ரவைகள் உண்டு. ஒரு தோட்டாவில் ஆறு முதல் ஒன்பது வரை அடங்கும். முப்பது, நாற்பது கெஜத்துக்கு அப்பால் அவை பரந்துவிடும். ஒன்றிரண்டு ரவை மட்டும் தைத்த மான் வீழாது. நாட்கணக்கில் புண்ணுடன் அலையும்.

இக்குறையைச் சுட்டியே ஐரோப்பிய வேட்டைக்காரர் உள்ளூர் வேட்டுவரைக் கொடியோர் எனச் சாடினர். 1879இல் சென்னை மாகாணம் நீலகிரிக்கெனத் தனி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. மூணாறு உயர்மலைப் பகுதியில் தோட்ட அதிகாரிகளின் சங்கம் வேட்டையை முறைப்படுத்தியது. இரவிகுளம் அவர்தம் வேட்டைக்காடாகக் காக்கப்பட்டது. அடிபட்ட விலங்கைத் தேடி முடித்தல் வேட்டைக்காரன் கடமை என்னும் நெறி இவ்வட்டாரங்களில் வலியுறுத்தப்பட்டது. அந்நெறி மதிக்கத்தக்கதே. ஆயினும் நெறியைக் காக்கத் தேவையான கருவியைச் சட்டத்தால் மறுத்துவிட்டு, கருவியற்றவனை நெறியற்றவன் எனத் தீர்ப்பிட்டமை அக்கால வேட்டை எழுத்துகளில் காணப்படும் பெரும் இடைவெளி. அகத்தியமலைக் காணிக்காரர் போன்றோர் மானின் தடமறிந்து வழிகாட்டியோராகவே அவ்வெழுத்துகளில் பெரிதும் இடம்பெறுகின்றனர். அடிபட்ட மானை உண்மையில் தேடிக் கண்டவர்கள் பெரும்பாலும் அவர்களே.

வேட்டையின் முடிவு

1934இல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் பெரியாறு ஏரியைச் சூழ்ந்த காடு நெல்லிக்காம்பட்டி வேட்டைவிலங்குக் காப்பகமாக அமைந்தது. 1950இல் அது பெரியாறு சரணாலயமாக விரிந்தது. 1958இல் திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே நெய்யாறு சரணாலயம் தோன்றியது. மலையின் தமிழகப் பக்கத்தில் 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் சரணாலயங்களாயின. வேட்டைக்காடாக இருந்த இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்காவாயிற்று.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாக வரையறுத்தது. எனினும் புள்ளிமானும் கடமானும் உரிமத்தின் பேரில் வேட்டையாடத்தக்க அட்டவணையிலேயே முதலில் இருந்தன. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாயிலையும் அடைத்தது. அத்துடன் மானுக்கு ஏற்ற குழல்விட்டம் எது என்னும் வினா இந்தியாவில் வரலாற்று வினாவாக மாறியது.

வேட்டையின் நினைவு திருவனந்தபுரத்தில் சடங்காக எஞ்சியுள்ளது. பத்மநாபசுவாமி கோயிலில் ஐப்பசியிலும் பங்குனியிலும் நடைபெறும் திருவிழாக்களில் ஆறாட்டுக்கு முந்திய நாள் பள்ளிவேட்டை நிகழ்கிறது. அரசகுடும்பத் தலைவர் வில்லேந்தி அமைதியான ஊர்வலத்துடன் சென்று, வேட்டைவிலங்குக்குப் பதிலாக வைக்கப்பட்ட இளநீர்க்காயின்மேல் அம்பு எய்கிறார். துப்பாக்கியை ஐரோப்பிய முறையில் கையாளப் படையைப் பழக்கிய அரச மரபு, தெய்வத்தின் வேட்டைக்கு வில்லையே வைத்துக்கொண்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. மான்வேட்டைக்கான குழல்விட்டத் தேர்வு தொழில்நுட்ப வினாவாகத் தோன்றினும், அடிபட்ட விலங்கின் துன்பத்தைக் குறைத்தல் என்னும் அறவினா அதனுள் அடங்கியிருந்தது. துளைக்கும் ஆற்றலைப் போற்றிய புறமரபும், அம்பு தைத்து மறைந்த கலைமானை வினவிய அகமரபும் அவ்வினாவின் இரு பக்கங்களையும் முன்னரே அறிந்திருந்தன. 1801, 1878, 1907, 1959 ஆகிய ஆண்டுகளின் ஆணைகளும் சட்டங்களும் மானை எண்ணாது மனிதனுக்கு அஞ்சி இயற்றப்பட்டவை. எனினும் மான் எவ்வாறு மடிந்தது என்பதை முடிவு செய்தவையும் அவையே. தக்க கருவி பெற்றவர் வேட்டைநெறி பேசினர்; அது பெறாதவர் பழி சுமந்தனர். தென்னிந்திய வேட்டை வரலாற்றை எழுதுவோர் வேட்டைநூல்களுடன் ஆயுதச் சட்டங்களையும் ஒருசேர வைத்து நோக்கும்போதே அப்பழியின் உண்மை அளவு புலப்படும்.